அடித்துக் காட்டும் விலைக்கு ஆதாரம் எங்கே?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் கடை வைத்திருக்கும் நம் தமிழ் வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். இந்த மாநிலத்தின் விளம்பர உண்மைச் சட்டங்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்கள் என் மேசையில்தான் இருக்கின்றன. ஆகவே அந்த மேசையில் கண்டதை வைத்தே பேசுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, சேலைக் கடை நடத்தும் தம்பி ஒருவர், அச்சுக்குப் போகவிருந்த நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மாம்பழ நிறச் சேலை ஒன்றின் படம். அருகில் 240 டாலர் என்ற விலை சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, கொட்டை எழுத்தில் 149 டாலர். "இந்தச் சேலையை 240 டாலருக்குக் கடைசியாக எப்போது விற்றீர்கள்?" என்று கேட்டேன். "அந்த விலைக்கு விற்றதில்லை அக்கா, ஆனால் அவ்வளவு பெறும். எல்லாக் கடையிலும் இப்படித்தானே போடுகிறார்கள்?" என்றார். அவர் ஏமாற்ற நினைப்பவர் அல்லர். மீட்டர் கணக்கில் ரவிக்கைத் துணி வெட்டும்போது இரண்டு அங்குலம் கூட்டியே வெட்டுகிறவர். அப்படிப்பட்டவரே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கலிஃபோர்னியாவின் வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பில் 17501 என்றொரு பிரிவு இருக்கிறது. ஒரு பொருளின் முந்தைய விலை இன்னது என்று விளம்பரம் செய்தால், அந்த விலை, விளம்பரம் வெளியாவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் அந்தப் பகுதிச் சந்தையில் உண்மையாகவே நிலவிய விலையாக இருக்க வேண்டும்; இல்லையென்றால், அது எந்தத் தேதியில் நிலவிய விலை என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. "அவ்வளவு பெறும்" என்ற நம் மதிப்பீட்டுக்கு அதில் இடமில்லை. அந்தச் சரக்கு ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கிறது என்றால், அந்தக் கடை தானே விற்ற விலைதான் சந்தை விலையாகக் கொள்ளப்படும்.

இணையத்தில் பொருள் விற்கும் ஓவர்ஸ்டாக் நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாடிக்கையாளர் ஒருவர், பட்டியல் விலை 999 டாலர் என்று காட்டப்பட்ட, முற்றத்தில் போடும் மேசை நாற்காலித் தொகுதியை 449 டாலருக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்த சரக்கில் வால்மார்ட் கடையின் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. அதில் இருந்த விலை 247 டாலர். பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கியவருக்கு அந்தச் சீட்டைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிறுவனம் தான் கொள்முதல் செய்த விலையைப் பெருக்கியும், எங்கோ கண்ட மிக உயர்ந்த விலையை எடுத்துப் போட்டும் ஒப்பீட்டு விலைகள் உருவாக்கப்பட்டிருந்ததை விசாரணையில் கண்ட அலமீடா கவுன்ட்டி நீதிமன்றம், 2014இல் 68 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் அதை உறுதி செய்தது.

நம் சிறிய கடைக்கு அவ்வளவு பெரிய தொகை வராது என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். சட்டமோ ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 டாலர் வரை என்று கணக்கிடுகிறது. எதை ஒரு மீறலாகக் கொள்வது என்பதை நீதிமன்றம் வழக்குக்கு ஏற்பத் தீர்மானிக்கும். பொய் விளம்பரம் இங்கே குற்றவியல் குற்றமும் ஆகும். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் மட்டுமல்லாமல் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரும் வழக்குத் தொடரலாம். விளம்பரத்தை நம்பிப் பணம் இழந்த வாடிக்கையாளரும் தொடரலாம்.

இந்தச் சட்டங்களின் வேர், 1911இல் அமெரிக்க விளம்பரத் தொழிலின் இதழ் ஒன்று முன்வைத்த மாதிரிச் சட்டத்தில் இருக்கிறது. பொய் விளம்பரம் பெருகினால் மெய்யான விளம்பரத்தையும் எவரும் நம்பமாட்டார்கள் என்ற கவலை அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே எழுந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கலிஃபோர்னியாவின் 17500ஆம் பிரிவு, செய்தித்தாள் தொடங்கி இணையம் வரை எல்லா வழிகளையும் சொல்வதோடு, பொது இடத்தில் கூவி அறிவிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கோயில் திருவிழாவில் கடை போட்டு ஒலிபெருக்கியில் கூவுவதும், வாட்ஸ்அப் குழுவில் தமிழில் எழுதிப் போடுவதும் ஆங்கில விளம்பரத்தைப் போலவே இதற்குக் கட்டுப்பட்டவை. தமிழில் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்பது தவறான துணிச்சல். நம் மொழியில் படித்து நம்மை நம்பி வருகிறவர்கள்தாம் நம் வாடிக்கையாளர்கள்.

அதே பிரிவில் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் வரி இன்னொன்று உண்டு. சொன்னது பொய்யென்று வணிகருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமல்ல, உரிய கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தாலே போதும், அவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். "மொத்த வியாபாரி அப்படித்தான் சொன்னார்" என்பது இங்கே எடுபடாது. காஞ்சிபுரம் பட்டு என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, சரக்கு வேறு ஊர் விசைத்தறியிலிருந்து வந்திருந்தால், அது விளம்பரச் சட்டத்தோடு நிற்காமல், பொருளின் ஊரைப் பொய்யாகச் சொல்வதைத் தடுக்கும் நுகர்வோர் சட்டத்தையும் மீறியதாகும். ஆகவே மொத்த வியாபாரியின் பில்லில் சரக்கு எந்த ஊர், எந்த நூல் என்று எழுதி வாங்குங்கள். அவர் எழுதித்தர மறுத்தால் நீங்களும் நோட்டீஸில் எழுதாதீர்கள்.

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து வேறொரு விதியும் நடப்பில் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு விலையைச் சொன்னால், வாடிக்கையாளர் கட்டாயம் கட்ட வேண்டிய எல்லாக் கட்டணங்களும் அதிலேயே அடங்கியிருக்க வேண்டும். அரசு வரியையும் அனுப்பும் செலவையும் மட்டுமே தனியாகச் சேர்க்கலாம். உணவகங்களுக்கு ஒரு தளர்வு உண்டு: சேவைக் கட்டணத்தை விலைப்பட்டியலில் கண்ணில் படும்படி தெளிவாகக் காட்டினால் போதும். கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையைவிடக் கல்லாவில் கூடுதலாக வாங்குவதும் சட்டப்படி தவறு. தள்ளுபடி விலையை அலமாரியில் மாற்றிவிட்டுக் கணினியில் மாற்ற மறப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சலுகை தொடங்கும் நாள் காலையில் ஐந்தாறு பொருளை எடுத்து, கல்லாவில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். வேறு மாநிலத்தில் கிளை வைத்திருப்பவர்கள் அந்த மாநிலத்துச் சட்டத்தைத் தனியே கேட்டறிய வேண்டும். நியூயார்க்கிலும் டெக்சஸிலும் விதிகள் வேறு.

அந்தத் தம்பியும் நானும் அன்று மாலை அவருடைய கணினியிலிருந்து மூன்று மாத விற்பனையை எடுத்துப் பார்த்தோம். அந்த மாம்பழ நிறச் சேலை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 179 டாலருக்கு விற்றிருந்தது. பக்கத்து ஊரிலிருந்த இரண்டு கடைகளின் விலையும் ஏறக்குறைய அதுவே. நோட்டீஸில் 240 போய் 179 வந்தது. 149 அப்படியே நின்றது. அன்று எடுத்த விற்பனைப் பட்டியலில் தேதி எழுதி, நோட்டீஸின் ஒரு படியோடு சேர்த்துத் தைத்துக் கோப்பில் வைத்தேன். இந்தத் தீபாவளி நோட்டீஸுக்கு அவர் ஜூலையிலேயே விலைப் பட்டியலோடு வந்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.