விளம்பரம் குடுத்த வாக்கு நம்ம மூஞ்சில தான் விடியுது

(ஈரோடு மாவட்டத்துல ஒரு பெண்கள் கல்லூரியில பேசுனது. அன்னிக்கு வர முடியாத பொண்ணுங்க கேட்டாங்கன்னு எழுதி போடுறேன், பேச்சு நடை அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ஃபார்மசிஸ்ட், கோபி பக்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவ. விளம்பரமும் பெண்ணோட உடம்பும்னு தலைப்பு குடுத்திருக்கீங்க, எடை, முடி, இடுப்பு, பல்லுன்னு அதுல பேச எவ்வளவோ இருக்கு, நான் நிறத்த மட்டும் எடுத்துக்குறேன், ஏன்னா அந்த விளம்பரத்த எல்லாம் பாத்துட்டு ஒரு பொண்ணு கடைசியா வந்து நிக்கிற எடம் எங்க கவுண்டர் தான்.

கருப்புன்னா மட்டம்னு நம்ம ஊருக்கு சொல்லிக்குடுத்தது விளம்பரம் இல்லைங்க. அது அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. மாசமா இருக்க பொண்ணுக்கு குங்குமப்பூ போட்டு பால் குடுக்குறதும், வரன் தேடுற விளம்பரத்துல படிப்புக்கு முன்னாடி "சிவந்த நிறம்"னு போடுறதும், பொறந்த குழந்தைய பாக்க வர்றவங்க காத மடக்கி பாத்து நிறம் சொல்றதும் நம்ம வீட்டுல நடந்தது தான், அதுக்கு நாம தான் பொறுப்பு. விளம்பரம் செஞ்ச வேலை வேற. அந்த நெனப்ப எடுத்து வேலையோடயும் சம்பளத்தோடயும் அப்பாவோட கவலையோடயும் முடிச்சு போட்டுச்சு. முடிச்சு போட்டது மட்டுமில்ல, அத அவுக்குறதுக்கு எங்கிட்ட வழி இருக்குன்னு வாக்கும் குடுத்துச்சு. நான் இன்னிக்கு பேச வந்தது அந்த வாக்க பத்தி தான்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975ல வந்துச்சு, ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியோடது. உங்க அம்மா வயசுக்காரங்களுக்கு அந்த ஏர் ஹோஸ்டஸ் விளம்பரம் நல்லா ஞாபகம் இருக்கும். வீட்டுல பணக்கஷ்டம், எனக்கு ஒரு பையன் இருந்திருந்தான்னா இந்த நெலமை வந்திருக்குமான்னு அப்பா பொலம்புறாரு, அது பொண்ணு காதுல விழுது. அவ என்ன பண்றா? படிக்கல, பரீட்சை எழுதல, க்ரீம் போடுறா. நிறம் மாறுது, ஏர் ஹோஸ்டஸ் வேலை கெடைக்குது, அப்பா சிரிக்கிறாரு. கொஞ்சம் நிதானமா யோசிச்சு பாருங்க, பொண்ணா பொறந்ததுக்கே வருத்தப்படுற ஒரு அப்பா, அது எத்தனை வீட்டுல நெஜம், அந்த வலிய அப்படியே எடுத்து, உன் அப்பன் வாயில இருந்து இந்த பேச்சு வராம இருக்கணும்னா நீ வெளுக்கணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்க. கிரிக்கெட் கமென்டேட்டர் ஆகணும்னு ஆசப்படுற பொண்ணுக்கும் அவங்க குடுத்தது அதே க்ரீம் தான். அவளுக்கு கிரிக்கெட் தெரியுமா, நல்லா பேச வருமாங்குறது ரெண்டாவது.

அத யாரும் கேக்காம விடல, இத கண்டிப்பா சொல்லணும். ஜனநாயக மாதர் சங்கத்துக்காரங்க 2002ல கம்பெனிக்கிட்ட போனாங்க, மனித உரிமை ஆணையம் வரைக்கும் கொண்டு போனாங்க, 2003ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு விளம்பரத்த நிறுத்த வெச்சாங்க. சங்கத்துல இருந்த சாதாரண பொம்பளைங்க பண்ணுன வேலை அது. 2009ல சென்னைல இருந்து டார்க் இஸ் பியூட்டிஃபுல்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி நடிகை நந்திதா தாஸ் அதுக்கு முகமா வந்தாங்க. 2014ல விளம்பரத் துறையோட சொந்த அமைப்பு, ஏஎஸ்சிஐ, கருப்பா இருக்கவங்கள சோகமா, தோத்துப்போனவங்களா, கல்யாணம் ஆகாதவங்களா காட்டக்கூடாதுன்னு விதி போட்டுச்சு. சாய் பல்லவி ரெண்டு கோடி ரூபாய் க்ரீம் விளம்பரத்த வேண்டாம்னு சொன்னது 2019ல, அது உங்க எல்லாருக்கும் தெரியும்.

இத மேல்நாட்டுக்காரன் சதின்னு மட்டும் சொல்லிட முடியாதுங்க. கடலூர்ல சின்னதா சாஷே ஷாம்பூ போட்டு வளந்த நம்ம தமிழ்நாட்டு கம்பெனி கவின்கேர், 1998ல ஃபேரெவர்னு கொண்டு வந்தாங்க, அதுல சொன்னதே குங்குமப்பூவும் பாலும் தான். பாட்டி சொன்னத ட்யூப்ல அடைச்சு பாட்டி பேர்லயே வித்தாச்சு. 2005ல இமாமி ஆம்பளைங்களுக்கும் ஒண்ணு கொண்டு வந்துச்சு.

சரி, இப்ப என் வேலைக்கு வர்றேன்.

நம்ம தோலுக்கு நிறம் குடுக்குறது மெலனின். வெயில்ல இருக்க யூவி கதிர் உள்ள போய் கெடுக்காம தடுக்குறது அது, அதாவது உங்கள காப்பாத்துற சரக்கு. கடையில சாதாரணமா விக்கிற அழகு க்ரீம்ல நியாசினமைடுன்னு ஒரு வைட்டமின் இருக்கும், வெயில் தடுக்குறதுக்கு கொஞ்சம் இருக்கும், தோல மெதுமெதுன்னு வெச்சுக்குற எண்ணெய்ப்பசை இருக்கும். இதனால என்ன ஆகும்? வெயில்ல கருத்தது கொஞ்சம் தெளியும், வறட்சி போகும், மூஞ்சி பாக்க நல்லா இருக்கும். அவ்வளவு தான். பொறவி நிறம் மாறாது, அத மாத்துற சக்தி அந்த க்ரீமுக்கு கிடையாது. ஆனா அட்டையில வரிசையா ஒரே பொண்ணோட மூஞ்சிய போட்டு கருப்புல இருந்து வெளுப்பு வரைக்கும் ஒரு அளவுகோல் காட்டுனாங்கல்ல, அந்த அட்டைய வாங்கிட்டு போன பொண்ணு தெனமும் கண்ணாடி முன்னாடி அந்த அளவுகோல வெச்சு பாத்துட்டே இருந்திருப்பா. மாசம் ஓடும், நிறம் அப்படியே இருக்கும். அவ என்ன நெனைப்பா? க்ரீம் பொய்யின்னு நெனைக்க மாட்டா, எனக்கு இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும்னு நெனைப்பா.

அப்ப தான் எங்கிட்ட வர்றா.

பெரும்பாலும் போன்ல ஒரு போட்டோ இருக்கும். பாதி நசுங்குன ட்யூபோட போட்டோ, யாரோ ஃப்ரெண்டு அனுப்புனது, இல்ல பார்லர் அக்கா எழுதிக்குடுத்த சின்ன சீட்டு. "அக்கா இது இருக்கா?" நான் பேர படிச்சேன்னா உள்ள என்ன இருக்குன்னு எனக்கு தெரியும், பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால், இல்லன்னா மொமெட்டசோன் கூட ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் சேந்தது. முன்ன சொன்ன ரெண்டும் அதோட மொமெட்டசோனும் ஸ்டீராய்டு, அதாவது தோல்ல வீக்கம், அரிப்ப அடக்குற மருந்து; ஹைட்ரோகுவினோன் நிறத்த கொறைக்குறது, ட்ரெட்டினாயின் தோல உரிச்சு புதுசாக்குறது. எக்ஸிமா, சோரியாசிஸுன்னு தோல் வியாதிக்கு டாக்டர் அளவா குடுக்குற மருந்து. மூணு சேந்தது மங்கு மாதிரி இருக்கறதுக்கு கொஞ்ச காலம் மட்டும், டாக்டர் பார்வையில. இத தெனமும் மூஞ்சி பூரா தேச்சா மொதல் ரெண்டு மூணு வாரம் அற்புதமா இருக்கும், அது தான் இதுல இருக்க ஆபத்தே. விளம்பரம் சொன்ன அந்த வெளுப்பு நெஜமாவே வரும். பக்கத்து வீட்டுல கேப்பாங்க, என்னம்மா நல்லா கலராயிட்டியேன்னு. அதுக்கப்புறம் தோல் மெலிய ஆரம்பிக்கும், கன்னத்துல சின்ன சின்ன ரத்தக்குழாய் செவப்பா நூல் மாதிரி தெரியும், பரு கொத்து கொத்தா வரும், தாடையில ரோமம் மொளைக்கும், வெயில்ல போனா எரியும். பயந்து நிறுத்துனா கொஞ்ச நாள்லயே மூஞ்சி செவந்து வீங்கி தீயா எரியும், அத தாங்க முடியாம மறுபடி அதே ட்யூப எடுப்பாங்க. இப்படி கெட்டுப்போன முகத்துக்கு தோல் டாக்டர்ங்க தனியா பேரே வெச்சிருக்காங்க, அவ்வளவு பேர் வந்திருக்காங்கன்னு அர்த்தம்.

ஒரு அம்மா, பொண்ண கூட்டிட்டு வந்தாங்க. "ஏனுங்க, அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க, அதுக்குள்ள கொஞ்சம் தெளியற மாதிரி ஏதாச்சும் குடுங்க." பொண்ணு ஷால இழுத்து பாதி மூஞ்சிய மறைச்சிட்டு நின்னுச்சு. நான் விடலைங்க, அம்மணி ஷால எடுன்னு சொன்னேன். கன்னம் ரெண்டும் தோல் உரிச்ச மாதிரி பளபளன்னு செவந்து கெடக்குது, ஓரமா பரு. ஒரு வருஷமா போடுதாம், வேற ஏதோ கடையில சீட்டு இல்லாம குடுத்திருக்காங்க. எம்எஸ்சி படிச்ச பொண்ணு. அந்த பொண்ணுக்கு படிப்புல கொறையா, கொணத்துல கொறையா? அவங்க அம்மா கெட்டவங்களும் இல்ல, வர்ற மாப்ள வீட்டுக்காரங்க என்ன பாப்பாங்கன்னு அவங்களுக்கு தெரியும், அந்த பயம் தான் அவங்கள கூட்டிட்டு வந்துச்சு. நான் ட்யூப் குடுக்கல, தோல் டாக்டர்கிட்ட அனுப்புனேன். குடுத்திருந்தா அறுபது எழுபது ரூபாய் வியாபாரம், இத குடுக்குற கடைங்க இருக்கத்தான் செய்யுதுன்னு என் தொழில்ல இருந்துட்டே நான் சொல்றேன், ஏன்னா சொல்லணும். 2018 வரைக்கும் வெளிப்பூச்சு மருந்துன்னா டாக்டர் சீட்டு கட்டாயம்ங்குறதுல இருந்து ஒரு விலக்கு இருந்துச்சு, அந்த வருஷம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு ஷெட்யூல் ஹெச்ங்குற மருந்து பட்டியல்ல கொண்டு வந்துச்சு. சட்டம் இருக்கு. கவுண்டர்ல நிக்கிறவங்க முடியாதுன்னு சொன்னா தான் அந்த சட்டத்துக்கு உசுரு.

இதவிட மோசம், பேரே இல்லாத க்ரீம். தயாரிச்சது யாருன்னு இருக்காது, லைசென்ஸ் நம்பர் இருக்காது, ஆன்லைன்ல வரும், வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. அதுல பாதரசம் இருக்கலாம். கேரளாவுல கோட்டக்கல்ல நடந்தத சொல்றேன். அங்க சிறுநீரக டாக்டர்ங்களுக்கு சந்தேகம் வந்து பாத்தாங்க, 2021ல இருந்து 2023 வரைக்கும் ஒரு குறிப்பிட்ட சிறுநீரக வியாதியோட வந்தவங்க 22 பேர், அதுல 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை, அந்த 15ல 13 பேர் நிறம் தர்ற க்ரீம் போட்டிருக்காங்க. கால் வீங்குது, சிறுநீர்ல புரதம் போகுது, மூஞ்சில போட்ட க்ரீம் கிட்னிய பிடிச்சிருக்குன்னு யாருக்கு தோணும்? கேரள அரசு ஆபரேஷன் சௌந்தர்யான்னு கடை கடையா சோதனை போட்டு பாதரசம் இருக்க சரக்க பிடிச்சாங்க.

பெரிய கம்பெனி க்ரீம்ல பாதரசம் இருக்குன்னு நான் சொல்லலீங்க, அப்படி யாரும் எடுத்துக்க வேண்டாம். நான் சொல்றது ஒண்ணு தான். வாக்கு குடுத்தது ஒருத்தர், அத நிறைவேத்துறதுக்கு வேற ஒருத்தன் ஸ்டீராய்டும் பாதரசமும் வெச்சிட்டு சந்துல காத்துட்டு இருக்கான். அந்த வாக்கு இல்லன்னா அவனுக்கு வியாபாரமே இல்ல.

2020ல ஃபேர் அண்ட் லவ்லி பேர மாத்துனாங்க. அமெரிக்காவுல ஜார்ஜ் ஃப்ளாய்ட கொன்னதுக்கு அப்புறம் உலகம் பூரா நிறவெறிக்கு எதிரா போராட்டம் நடந்துச்சு, இங்கயும் கேள்வி கேட்டாங்க, ஜூலைல ஃபேர் போய் க்ளோ வந்துச்சு. மாறுனது நல்லது தான், ஒரு கல்யாண வெப்சைட் கூட நிறத்த வெச்சு தேடுற வசதிய அப்ப எடுத்தாங்க. அதே வருஷம் பிப்ரவரியில மத்திய அரசு ஒரு வரைவு போட்டுச்சு, தோல் வெளுப்புக்கு மருந்துன்னு விளம்பரம் பண்ணுனா மொதல் தடவை ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்து லட்சம் வரைக்கும் அபராதம், மறுபடி பண்ணுனா அஞ்சு வருஷம், அம்பது லட்சம்னு. அது சட்டமா வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். இப்ப ப்ரைட்டனிங், டேன் ரிமூவல், க்ளாஸ் ஸ்கின்னு புதுப்புது பேர்ல வருது, கேக்க வர்ற பொண்ணுங்க மட்டும் என்கிட்ட இன்னும் "கலர் ஆகுறதுக்கு"ன்னு தான் கேக்குறாங்க.

விளம்பரம் பாத்துட்டாலே மாறிடுவாங்களா, அவங்க அவங்க புத்தி தானேன்னு சில பேர் கேப்பாங்க. அவங்களுக்கு ஃபிஜி தீவுல நடந்தது தெரியணும். அங்க ஒடம்பு பூசுனாப்புல இருக்குறது தான் அழகு, மெலிஞ்சா ஊரே கவலைப்படும். நட்ரோகாங்குற பகுதிக்கு 1995ல டிவி வந்துச்சு. ஹார்வர்டுல இருந்து ஆன் பெக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் டிவி வந்தப்பவும் மூணு வருஷம் கழிச்சும் பள்ளிக்கூட பொண்ணுங்கள கேட்டாங்க. மொதல்ல எடை குறைக்க வாந்தி எடுக்குறேன்னு சொன்ன பொண்ணு ஒருத்தி கூட இல்ல. 1998ல நூத்துக்கு பதினோரு பேர் அப்படி சொன்னாங்க, 74 சதவீதம் பேர் சில சமயமாச்சும் நான் குண்டா இருக்கேன்னு நெனச்சாங்க. தலைமுறை தலைமுறையா ஒரு சமூகம் அழகுன்னு நெனச்சது, மூணே வருஷத்துல பொண்ணுங்க மனசுல தலைகீழா போச்சு, அதுவும் ஒரு டிவி பெட்டியால. உங்க கையில இருக்குறது போன். செல்ஃபி எடுக்குறப்பவே அது உங்கள கேக்காம வெளுப்பாக்கி, மூக்க சின்னதாக்கி காட்டுது, இன்ஸ்டாகிராம் வெச்சிருக்க கம்பெனியோட உள் ஆராய்ச்சி 2021ல வெளிய வந்தப்ப, பதின்வயசு பொண்ணுங்க மூணு பேர்ல ஒருத்திக்கு தன் ஒடம்ப பத்துன வருத்தத்த இது அதிகமாக்குதுன்னு அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. போன் கேமரா செட்டிங்குல பியூட்டி மோட ஆஃப் பண்ணுங்க, இன்னிக்கே, இங்கயே பண்ணுங்க.

பேசி முடிச்சதும் ஒரு பொண்ணு எழுந்து, அக்கா அப்ப மூஞ்சிக்கு எதுவுமே போடக்கூடாதான்னு கேட்டுச்சு. தாராளமா போடலாம். வெயில்ல போனா சன்ஸ்க்ரீன், தோல் வறண்டா மாய்ச்சரைசர், பவுடர், மை, லிப்ஸ்டிக், உங்களுக்கு புடிச்சா போடுங்க, அலங்காரம் பண்ணிக்குறது சந்தோஷம். வாங்குறப்ப தயாரிப்பாளர் பேரும் முகவரியும் லைசென்ஸ் நம்பரும் இருக்கான்னு பாருங்க. அட்டையில ஆர்எக்ஸ் (Rx)னு போட்டு சிவப்பு கோடு இருந்தா அது அழகு சாமான் இல்ல, மருந்து.

பின் வரிசையில இருந்து இன்னொரு பொண்ணு மெதுவா, ஏற்கனவே போட்டுட்டு இருக்கவங்க என்ன பண்றதுன்னு கேட்டுச்சு. அப்படி இருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, எரிச்சல் தாங்காம மறுபடி அதுக்கே போயிடுவீங்க, எப்படி படிப்படியா விடுறதுன்னு டாக்டர் சொல்லுவாங்க. பெரியாஸ்பத்திரில தோல் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டா பாப்பாங்க. வெக்கப்பட்டு மறைக்காதீங்க, எவ்வளவு நாளா போடுறீங்கன்னு உள்ளத சொல்லுங்க. ட்யூபையும் அட்டையையும் கீழ போடாம கையோட கொண்டு போங்க, உள்ள என்ன மருந்து இருந்துச்சுன்னு தெரிஞ்சா தான் அவங்க வைத்தியம் ஆரம்பிக்க முடியும்.