தத்து ஆணை கையில் இருந்தும் விசா கிடைக்காதது ஏன்?

[திரையில்: முத்திரை வைத்த தத்து ஆணை, பக்கத்தில் ஒரு குழந்தையின் பாஸ்போர்ட்]

வணக்கம். அமெரிக்கத் தம்பதி ஒருவர் வேறொரு நாட்டில் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். அந்த நாட்டு நீதிமன்றமே ஆணை கொடுத்துவிட்டது. அப்படியும் அமெரிக்கத் தூதரகம் விசா தர மறுக்கலாம். சட்டப்படிதான் மறுக்கிறது. பெற்றோர் யார் என்பதைத் தத்து ஆணை தீர்த்துவைக்கிறது. அந்தக் குழந்தை அமெரிக்காவில் குடியேறலாமா என்பதை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

[திரையில்: ஐ-600 | ஐ-800]

வழி இரண்டு. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு விதிகள் வகுத்த 1993-ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டுக் குழந்தை என்றால் ஐ-800 மனு. அமெரிக்காவில் இது 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாடு என்றால் ஐ-600. இதுதான் அனாதைக் குழந்தைக்கான மனு. எந்த வழியானாலும், பொதுவாகக் குழந்தைக்கு 16 வயது ஆவதற்குள் மனுப் போட்டுவிட வேண்டும்.

ஐ-600 வழியில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? பெற்றோர் இருவரும் இறந்திருக்கலாம், காணாமல் போயிருக்கலாம், கைவிட்டிருக்கலாம். ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தால், அவரால் வளர்க்க முடியாத நிலை வேண்டும். திரும்பப் பெற முடியாதபடி எழுத்தில் சம்மதமும் தந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து, "நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று குறிப்பிட்ட ஒரு தம்பதியிடம் கொடுத்தால், அது கைவிட்டதாகக் கணக்கில் வராது. தூதரக அதிகாரி காகிதத்தோடு நிற்பதில்லை. தேவைப்பட்டால் மருத்துவமனை, காப்பகம், பிறந்த ஊர் என்று போய் விசாரிப்பார்கள்.

ஊரில் இருக்கும் அண்ணன் மகளைத் தத்தெடுத்து அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் நம்மவர்களும் இதே மாதிரிச் சுவரில்தான் முட்டுகிறார்கள். இந்தியா ஹேக் ஒப்பந்த நாடு. அந்த வழியிலும், பெற்றோர் இருவரும் இருந்தால் அவர்களால் சரியாக வளர்க்க முடியாது என்று காட்டியாக வேண்டும். நல்ல படிப்புக்காக என்பது போதாது.

ஹேக் வழியில் வரிசையும் மாறக்கூடாது. முதலில் வீட்டு ஆய்வும், தத்தெடுப்பவர்கள் தகுதியானவர்கள்தானா என்று பார்க்கும் ஐ-800ஏ மனுவுக்கு ஒப்புதலும். பிறகு அந்த நாட்டு அரசு அமைப்பு குழந்தையைப் பொருத்தித் தரும். இந்தியாவில் அது காரா என்ற மத்தியத் தத்தெடுப்பு ஆணையம். அப்புறம் ஐ-800-க்குத் தற்காலிக ஒப்புதல், தத்தெடுப்பைத் தொடரலாம் என்று தூதரகத்தின் கடிதம். அதன் பிறகுதான் தத்து ஆணை. அவசரப்பட்டு முன்பே ஆணை வாங்கினால், பொதுவாக அதை ரத்து செய்யாமல் மனு நகராது. கொடுமையாகத் தெரியலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவைப் பாருங்கள்.

[திரையில்: குவாத்தமாலா வரைபடம், 2007]

அங்கே தத்தெடுப்பை நீதிபதிக்குப் பதில் தனியார் நோட்டரி வழக்கறிஞர்களே முடித்துக்கொடுத்தார்கள். பணம் புரண்டது. 2007-இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். பிள்ளையைத் தருவது பெற்ற தாய்தானா என்று பார்க்கத் தூதரகம் டிஎன்ஏ பரிசோதனை கேட்டது. அதுவும் போதவில்லை: சோதனைக்கு வந்த குழந்தையும் விசாவுக்கு வரும் குழந்தையும் ஒன்றுதானா? 2007-இல் இரண்டாவது பரிசோதனையும் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் குவாத்தமாலா புதுச் சட்டம் கொண்டுவந்து பழைய முறையை மூடியது.

[திரையில்: ஐஎச்-3, ஐஎச்-4]

சரி, விசா வந்துவிட்டது. தத்து வெளிநாட்டிலேயே முடிந்திருந்தால் பெரும்பாலும் ஐஆர்-3 விசா (ஐ-600 வழி) அல்லது ஐஎச்-3 விசா (ஹேக் வழி); 18 வயதுக்குள் அமெரிக்காவில் நுழைந்து பெற்றோரோடு வாழ வரும் குழந்தை அப்போதே குடிமகன். ஐஆர்-4, ஐஎச்-4 விசா என்றால் முதலில் கிரீன் கார்டுதான், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை. தத்து அமெரிக்காவில் முடிந்த பிறகே குடியுரிமை. தானாகவே குடியுரிமை தரும் இந்தச் சட்டம் 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. பெற்றோர் தனியாக விண்ணப்பிக்காமல் விட்டதால், வளர்ந்து ஆளான பிறகு பிறந்த நாட்டுக்கே நாடுகடத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.