அழாத பிள்ளைக்கும் பசிக்கும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வருவாய்த் துறை, சமூக நலத் துறை அலுவலர் பெருமக்களே, முகாம்களில் தூக்கமில்லாமல் உழைத்த மருத்துவர்களே, செவிலியர்களே, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆட்களைத் தூக்கிவந்த தன்னார்வத் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் மீட்புப் பணியைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்த தலைப்பு, பேரிடருக்குப் பின் நலிந்தோரின் பாதுகாப்பைக் கண்காணிப்பது. யாரைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது, முகாம் மூடிய பிறகு என்ன செய்வது என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. நிவாரண முகாமில் அது அப்படியே நடக்கிறது. அதிகாரி வரும்போது குரல் கொடுப்பவருக்குத் தார்ப்பாய் கிடைத்துவிடும். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு போய்ச் சேராது. கைக்குழந்தையோடு இருப்பவரால் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க முடியாது. தனியாக வந்த மூதாட்டி, மூட்டையை விட்டு எழுந்தால் அது போய்விடுமோ என்று மூலையிலேயே உட்கார்ந்திருப்பார். கண்காணிப்பு என்றால் இந்த அழாத பிள்ளைகளைத் தேடிப் போவதுதான்.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் பெரிய நிலநடுக்கம். அடுத்தடுத்து அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. கூரைக்குக் கீழே படுக்கவே மக்களுக்குப் பயம். பலர் தங்கள் காரிலேயே இரவைக் கழித்தார்கள். கார் இருக்கிறது, குளிர் அடிக்காது, கதவைப் பூட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் கழிப்பறை தூரத்தில், இருட்டில். எழுந்து போகும் சிரமத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். காலை மடக்கியபடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குறைந்து, அசைவும் இல்லாமல் போனால் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் ஆள் பிழைப்பது அரிது. நிலநடுக்கத்தில் தப்பியவர்களில் சிலர் இப்படிக் காருக்குள் இறந்தார்கள். 2016-இல் குமமோட்டோ நிலநடுக்கத்திலும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் காரில் தங்கினார்கள். அங்கே இடிபாடுகளில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 50 பேர். பின்னால் உடல் நலிந்து இறந்து, பேரிடர் தொடர்பான மரணம் என்று ஏற்கப்பட்டவர்கள் 200-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நிலம் ஆடி நின்ற பிறகுதான் அங்கே அதிகம் பேர் போனார்கள், அவையோரே!

ஆகவே கண்காணிப்பவர் கழிப்பறையிலிருந்து தொடங்கட்டும். உலகம் முழுவதும் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகள் இருக்கின்றன. முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று. தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் அது இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்க மூன்றரை சதுர மீட்டர் இடம். ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று பகலில் குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் பணியாளர், டார்ச் இல்லாமல், அந்த வழியில் நடந்து பார்க்க வேண்டும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு திருகாணியில் இரண்டு கழன்று தாழ்ப்பாள் தொங்கினால் அந்தக் கழிப்பறை பெண்களுக்கு இல்லை என்றே கணக்கு.

அடுத்தது, கேட்கும் முறை. "இங்கே குறை ஏதும் உண்டா?" என்று முகாம் பொறுப்பாளரிடம் கேட்டால் இல்லை என்பார். பெண்களிடம் பெண்களே தனியாகப் பேச வேண்டும். மாற்றுத்திறனாளியிடம் அவரிடமே கேளுங்கள், உடனிருப்பவரிடம் அல்ல. "ஊனம் உண்டா" என்று கேட்டால் பலர் மறைப்பார்கள். மாற்றுத்திறன் பற்றிக் கணக்கெடுக்க உலக அளவில் கேள்விகளை வகுத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைக் கேளுங்கள்: பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன்னைக் கவனித்துக்கொள்ள, பிறருக்குப் புரியவைக்கச் சிரமம் உண்டா? சிரமமில்லை, கொஞ்சம், மிகவும், முடியவே முடியாது என்று நான்கு விடைகள். பாலியல் வன்முறையைக் கூட்டத்தில் கேட்கவே கூடாது. மருத்துவர், ஆலோசகர், சட்ட உதவி யார், எங்கே என்ற பட்டியல் கையில் இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவும் கூடாது. கேட்டுவிட்டுக் கைவிடுவது இரண்டாவது காயம்.

இனி, போகிற இடமெல்லாம் நான் வற்புறுத்தும் கோரிக்கை. பதிவேட்டில் ஆளுக்கொரு வரி எழுதுங்கள்! முகாம் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். குடும்பத் தலைவர் பெயர், எதிரே "மொத்தம் 6". அந்த ஆறுக்குள் பார்வை மங்கிய பாட்டி இருக்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறார். பெற்றோரைக் காணாமல் பக்கத்து வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறுமியும் இருக்கிறாள். அவளை யாரும் தேடப் போவதில்லை, ஏனென்றால் தாளில் அவள் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோமே, இந்தப் பதிவேட்டில் பிள்ளையே இல்லையே! 2004 சுனாமிக்குப் பின் ஆக்ஸ்பாம் தொண்டு அமைப்பு கடலோர ஊர்களில் ஆண் பெண் பிரித்து எண்ணியபோதுதான், இறந்தவர்களில் பெண்கள் எவ்வளவு அதிகம் என்பது தெரிந்தது. பிரித்து எழுதாதது கண்ணில் படாது.

வரியில் என்ன வேண்டும்? வயது, பாலினம், அந்த ஆறு கேள்விக்கு விடை, யாரோடு வந்தார், இன்சுலின் போல விடாமல் எடுக்கும் மருந்து, தொலைந்த ஆவணங்கள், சொந்த வீடா வாடகையா. ஏழு நாளுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். மூன்றாம் நாள் பட்டியலை ஆறாம் வாரத்தில் வைத்துக்கொண்டு பொருள் கொடுத்தால், உறவினர் வீட்டுக்குப் போனவர் பெயரில் பொருள் வரும், புதிதாக வந்தவர் வெறுங்கையோடு நிற்பார். வன்முறை பற்றிய குறிப்பு இந்தப் பதிவேட்டில் வரக் கூடாது. அது பெயரில்லாமல், எண் மட்டும் இட்டு, பூட்டிய பெட்டியில் தனியாக இருக்க வேண்டும். தனித்து வந்த குழந்தையின் அடையாளம் முழுவதையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிடாதீர்கள். ஒன்றிரண்டை நிறுத்தி வையுங்கள். உரிமை கோரி வருபவரிடம் அவற்றைக் கேட்டு, குழந்தையிடமும் தனியாகக் கேட்ட பிறகே ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், மதிக்கிறேன். மேடையிலுள்ள அலுவலர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். முகாம் மூடும் நாளில் பதிவேட்டையும் கட்டி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். வாடகை வீட்டில் இருந்தவர்கள் பெயரை அதிலிருந்து தனியே எடுத்து, வீட்டு இழப்பீட்டுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் பெயர் மட்டும் இருக்கும் ஒவ்வொரு முகவரியிலும், அங்கே குடியிருந்தவர் இப்போது எங்கே படுக்கிறார் என்று ஆள் அனுப்பிப் பார்த்து வரச் சொல்லுங்கள். வணக்கம்.