டைசன் வாழ்ந்தவர்தான்!

நடுவர் அவர்களே, "ஆஸ்திரேலியப் பண்ணை முதலாளி ஜேம்ஸ் டைசன் வாழ்ந்தாரா, சேர்த்ததோடு சரியா?" என்பது தலைப்பு. எதிரணி நண்பர் கண்ணீர் விடாத குறைதான். கல்யாணம் இல்லை, குடி இல்லை, புகை இல்லை, 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விட்டுவிட்டு 1898 டிசம்பரில் குயின்ஸ்லாந்தில் ஃபெல்டன் பண்ணையில் உயில்கூட எழுதாமல் போய்ச் சேர்ந்தார், ஐயோ பாவமாம்! குடிக்காததையும் ஒருவர் குறையாகச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

சரி, அவர் கதையைப் பாருங்கள். அம்மா தண்டனைக் கைதியாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். 1819இல் பிறந்த பிள்ளை கூலி வேலையில் தொடங்கினார். 1850களில் பெண்டிகோ என்ற ஊரில் தங்கம் என்றதும் ஊரே மண்வெட்டியோடு ஓட, இவரும் சகோதரரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் அங்கேயே வெட்டிக் கறி விற்றார்கள். தங்கம் கிடைக்கிறதோ இல்லையோ, தோண்டுகிறவனுக்குச் சாயங்காலம் பசிக்குமே! அந்தக் காசு பண்ணை பண்ணையாகப் பெருகி, கடைசியில் கையில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல், அதில் பெரும்பகுதி குத்தகை. அந்த மண்ணில் பூர்வகுடிகள் இருந்தார்களே என்று எதிரணி கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். நல்லவேளை, அவர்கள் கல்யாணத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு ஷில்லிங் படகுக் கூலியை மிச்சம் பிடிக்க ஆற்றை நீந்திக் கடந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. இருக்கட்டும். அதே கஞ்சர்தான் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட 5 லட்சம் பவுண்டு தருகிறேன் என்று குயின்ஸ்லாந்து அரசிடம் சொன்னார். பணம் பெரிதில்லை, பாலைவனத்தோடு மல்லுக்கட்டுவதுதான் தன் விளையாட்டு, தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன், வேலி இல்லாத இடத்தில் வேலி போட்டேன் என்று அவர் சொன்னதாகப் பதிவும் இருக்கிறது. தன் வேலையையே விளையாட்டு என்று சொல்ல முடிந்தவர் வாழவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கும் நாமெல்லாம் யார்?

அப்புறம், சொத்துக்காக உறவினர்கள் கோர்ட்டுக்குப் போனார்களாம். போனது அவர்கள் பேராசை, அதற்கு டைசன் என்ன செய்வார்? உயில் எழுதாதது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரணித் தலைவர் முதலில் தன் உயிலை எழுதிவிட்டாரா என்று கேட்டுச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, மணி அடிக்கிறது, நன்றி!