ரிமோட் பேட்டரியும் அம்மா விரலும்

வணக்கம், எல்லாரும் பசியாறியாச்சா? இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல விடியக்காலையில இருந்து மழை. ரப்பர் தோட்டத்துல இன்னிக்கு யாரும் பால் வெட்டப் போயிருக்க மாட்டாங்க.

இத கிட்டக்க காட்டுறேன். துணி காயப்போடுற கிளிப்பு மாதிரி இருக்குல்ல? கோவிட் நேரத்துல வாங்குன ஆக்சிமீட்டர், விரல்ல மாட்டுனா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன விழுக்காடுன்னு காட்டும். இப்ப அமுக்குனா லைட்டு வராது. ரெண்டு பேட்டரியையும் அம்மா டிவி ரிமோட்டுக்கு எடுத்துட்டாங்க.

2021 ஆகஸ்ட்டு. எங்க வீட்ல மூணு பேருக்கும் பாசிட்டிவ். வீட்லயே இருங்க, 95க்குக் கீழ எறங்குனா கூப்பிடுங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு 96, 95, மறுபடி 96. நான் நோட்டுல நேரம் போட்டு எழுதி வச்சேன். அஞ்சாம் நாள் சாயங்காலம், "கொஞ்சம்... சுடுதண்ணி... குடு"ன்னு மூணு வார்த்தைக்கு மூணு தடவ மூச்சு வாங்குறாங்க. நான் விரலப் பாக்குறேன், 95. பயத்துல வாங்குற மூச்சுன்னு நெனச்சு போர்வைய இழுத்து விட்டுட்டு வந்துட்டேன். சரி, அத விடுங்க.

பக்கத்து வீட்டு மாமா அந்தக் காலத்துல தோட்டத்து டிரஸர், தோட்டத்து ஆளுங்களுக்கு வைத்தியம் பாத்தவரு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே சொன்னாரு: "மிஷினக் கழட்டி வைம்மா. அம்மா நெஞ்சப் பாரு. ஒரு நிமிஷம் எண்ணு." எண்ணுனேன். 32. பெரியவங்க சும்மா உக்காந்திருக்கும்போது 12லருந்து 20தான் இருக்கணுமாம். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரியில மணிக்கட்டு நாடியில ரத்தம் எடுத்துப் பாத்தா, விரல்ல காட்டுனதவிட ஆக்சிஜன் ரொம்பக் கம்மி. பதினோரு நாள் படுத்திருந்தாங்க.

மிஷின் கெட்டுப் போச்சுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சேன். அப்புறம் படிச்சேன், படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்துச்சு.

2020 டிசம்பர்ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டருங்க ஒரு ஆய்வு போட்டாங்க. ஒரே ஆளுக்குக் கொஞ்ச நேரத்துக்குள்ள விரல்லயும் பாத்து, நாடி ரத்தத்துலயும் பாத்தது. விரல்ல 92லருந்து 96 வரைக்கும் காட்டுது, ரத்தத்துல 88க்கும் கீழ. இந்த மாதிரி ஏமாத்துனது வெள்ளைக்காரங்களுக்கு 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவங்களுக்கு 11.7. கிட்டத்தட்ட மூணு மடங்கு!

காரணம் இதுதான். கிளிப்புக்குள்ள ஒரு பக்கம் செவப்பு லைட்டு, அதோட கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லைட்டு. ரெண்டும் விரல ஊடுருவிப் போகும், எதுத்தாப்புல ஒரு கண்ணு எவ்வளவு வந்து சேந்துச்சுன்னு பாக்கும். ஆக்சிஜன் உள்ள ரத்தம் ஒரு மாதிரி உறிஞ்சும், இல்லாத ரத்தம் வேற மாதிரி. ஜப்பான்ல தக்குவோ அவோயாகின்னு ஒரு எஞ்சினியர் 1970கள்ல கண்டுபிடிச்ச யோசனை, அருமையான யோசனை. ஆனா தோலுக்குக் கலர் குடுக்குற மெலனினும் அந்த லைட்ட உறிஞ்சும்ல? அந்தக் கணக்க யாரு விரல வச்சு சரி பண்றாங்கன்னுதான் கேள்வி. மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற அமெரிக்க எஃப்டிஏவோட 2013 வழிகாட்டுதல்ல, சோதனைக்குப் பத்துப் பேரு இருந்தா போதும், அதுல கருத்த தோல்காரங்க ரெண்டு பேரு இருந்தா சரின்னு போட்டிருந்துச்சு. ரெண்டே பேரு! நம்ம கலரப் பாத்து மார்க்கு போடுறது கல்யாணத் தரகர் மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இதுல கொடும, 1990லயே இப்படி ஒரு ஆய்வு வந்திருக்கு. முப்பது வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. 2022ல இன்னொரு ஆய்வுல கோவிட் நோயாளிங்களையே பாத்தாங்க. அதுல ஏசியன்னு போட்டவங்களுக்கும் இதே பிரச்சன. அந்த ஏசியன்ல சீனரும் உண்டு, தமிழரும் உண்டு, தோல் கலர் என்னன்னு பிரிக்கல. 2025 ஜனவரியிலதான் எஃப்டிஏ, கொறஞ்சது 150 பேர, பலவிதத் தோல்ல சோதிக்கணும்னு புது வரைவு விட்டுச்சு.

டவுன்ல காரு வச்சிருக்கவங்க நம்பர் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிடுவாங்க. தோட்டத்து உள்ள இருக்கவங்களுக்கு அந்த நம்பர்தான், ராத்திரி ரெண்டு மணிக்குப் போயி பக்கத்து வீட்டுக் கதவத் தட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ணும். அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அதுக்காக இதத் தூக்கிக் குப்பையில போடாதீங்க. கை சில்லுன்னு இருந்தா தேச்சு சூடு பண்ணிட்டு மாட்டுங்க, நகப்பூச்சிருந்தா அழிச்சிடுங்க. ஒரு நம்பர நம்பாம, நேத்திக்கு என்ன, இன்னிக்கு என்னன்னு பாருங்க. நேத்து 98, இன்னிக்கு 95ன்னா அது எறங்குது. பேச முடியல, மூச்சு எறைக்குதுன்னா நம்பர் எதுவா இருந்தாலும் 999 அடிங்க.

சரி, ரிமோட்லருந்து பேட்டரியக் கழட்டிட்டேன். அம்மா, விரலக் குடுங்க. பாருங்க, முப்பது வருஷம் ரப்பர் பால் காஞ்சு காஞ்சு தடிச்ச விரல். கொஞ்சம் இருங்க... 97. இப்ப நெஞ்சப் பாத்து எண்ணுறேன், பேசாதீங்கம்மா, பேசுனா கணக்கு தப்பிடும்...

16.

இந்தாங்க உங்க பேட்டரி. நாடகம் இன்னும் ஆரம்பிக்கல.