ஏரியின் அடித்தரையில் ஒரு சைக்கிள் பாதை: ரெட் ரிவர் பள்ளத்தாக்கின் சரளைச் சாலைகள்

[திரையில்: நேர்கோடாகப் போகும் சரளைச் சாலை. இருபுறமும் சோயா வயல். டயருக்கு அடியில் கல் அரைபடும் சத்தம்.]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். இதைக் கேட்கத்தான் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து வருகிறேன்.

நான் நிற்பது அமெரிக்காவின் வட எல்லைப் பக்கம். வடக்கு டகோட்டாவுக்கும் மின்னசோட்டாவுக்கும் நடுவில் ரெட் ரிவர் ஓடுகிறது. ஆற்றுக்கு மேற்கே ஃபார்கோ, கிழக்கே மூர்ஹெட். இந்த இரண்டு ஊரையும் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டியவரை தரை ஒரே மட்டம். "ஒரு மேடு இல்லை, ஒரு வளைவு இல்லை, இதில் என்ன ஓட்டம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், மட்டமான தரையில் பாதை போடுவதற்குத்தான் யோசனை அதிகம் தேவை.

முதலில், இந்த இடம் ஏன் இவ்வளவு தட்டை? நாம் நிற்பது ஒரு ஏரியின் அடியில். பனியுகம் முடியும் காலத்தில் உருகிய பனிநீர் தேங்கி இங்கே அகாசிஸ் என்ற பெரும் ஏரி உண்டானது. அது பல ஆயிரம் ஆண்டுகள் கிடந்து, பிறகு வடிந்துபோனது. அதன் அடியில் படிந்த நுண்ணிய வண்டலும் களியும்தான் இன்று கோதுமையும் சோயாவும், சர்க்கரை எடுக்கும் பீட் வகைச் சர்க்கரைக்கிழங்கும் விளையும் மண்.

[திரையில்: மேலிருந்து ட்ரோன் காட்சி. சதுரங்கப் பலகை போல வயல்கள்.]

இந்தக் கட்டங்களைப் பாருங்கள். 1785இல் அமெரிக்க அரசு ஒரு நிலச் சட்டம் போட்டது. புதிய நிலங்களை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமாக அளந்து பிரிக்க வேண்டும். அப்படி 36 சதுரம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். அந்தச் சதுரங்களின் விளிம்புக் கோடுகள்தான் இன்றைய சாலைகள். வடக்கு டகோட்டாவில் இந்தக் கோட்டின் இருபுறமும் 33 அடி பொதுவழி என்றே சட்டம் சொல்கிறது. சில கோடுகளில் நல்ல சரளைச் சாலை இருக்கும், சிலவற்றில் வெறும் புல்தடம்தான். சரளை போட்டதா, புல்தடமா என்று செயற்கைக்கோள் படத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.

பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும், சதுரம் சதுரமாக நிற்காது. அதைச் சரிசெய்ய அங்கங்கே கோட்டைச் சற்று நகர்த்தி அளந்திருக்கிறார்கள். பத்து மைல் நேராக ஓட்டிய பிறகு காரணமே இல்லாமல் ஒரு சின்ன வளைவு வந்தால், அது பூமியின் உருண்டைக்காகப் போட்ட வளைவாக இருக்கலாம். எனக்கு அந்த இடங்களில் ஒரு நிமிஷமாவது நிற்கத் தோன்றும்.

சரி, இனி காற்று. இதுதான் இங்கே முக்கியம்.

மலையில் ஏறினால் ஒரு இறக்கம் கிடைக்கும், கால் ஓயும். எதிர்காற்றுக்கு இறக்கம் கிடையாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வையுங்கள். உங்கள் நெஞ்சு சந்திப்பது 40 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கணக்கில் மிதிப்பீர்கள், தூரத்தில் தெரியும் தானியக் கிடங்கு அங்கேயே நிற்கும்.

ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது முதுகில் தள்ளட்டும். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கட்டச் சாலையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓர் ஊர் கிழக்கே 10 மைல், தெற்கே 10 மைல் தள்ளி இருக்கிறது. முதலில் கிழக்கே முழுவதும் போய்விட்டுத் தெற்கே திரும்பலாம். அல்லது ஒரு மைல் கிழக்கு, ஒரு மைல் தெற்கு என்று படிக்கட்டு மாதிரி மாறி மாறிப் போகலாம். எப்படிப் போனாலும் 20 மைல்தான்! அப்படியென்றால் காற்றை எப்போது சந்திப்பது, எவ்வளவு நேரம் சந்திப்பது என்பது நம் கையில். தெற்குக் காற்று வீசும் நாளில் நான் தெற்கு மைல்களை விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன். வெயில் ஏற ஏறத்தான் இங்கே காற்றும் வலுக்கும்.

[திரையில்: வயலோரம் நீண்ட மரவரிசை. சைக்கிள் அதன் மறைவுக்குள் நுழைகிறது.]

இந்த மரவரிசைகளையும் கணக்கில் எடுங்கள். 1930களில் புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபோது, அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1934இல் ஒரு திட்டம் தொடங்கியது. 1942க்குள் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை காற்றுத்தடுப்பாக 22 கோடிக்கு மேல் மரங்கள் நட்டார்கள். அதன் பிறகு விவசாயிகளே நட்ட வரிசைகளும் உண்டு. இப்போது பலர் பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட இவற்றை வெட்டி எடுக்கிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது. எதிர்காற்றில் ஒரு மணி நேரம் வந்தவருக்கு, மரமறைவில் நுழைந்ததும் காது திடீரென்று அமைதியாகும். அந்த அமைதியைப் படத்தில் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்து, தரையைப் படிக்கப் பழகுங்கள். சரளைச் சாலையில் லாரியும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடம் இறுகியிருக்கும். அதிலேயே ஓட்டுங்கள். நடுவில் குவிந்திருக்கும் தளர்ந்த கல்லில் முன்சக்கரம் இறங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை தளர்வாக, மிதி தொடர்ந்து. சைக்கிள் தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள், காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள். கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், உங்கள் உழைப்பெல்லாம் அந்தத் துள்ளலில் போய்விடும்.

[திரையில்: சந்திப்புக்கு முன் தகரக்கூரை போல வரிவரியான சாலை. அருகில்.]

இந்த வரிகள் பிரேக் போடும் இடங்களில்தான் அதிகம். வண்டிகள் பள்ளம் பறித்ததால் மட்டும் வருவதல்ல இது. 2007இல் இயற்பியலாளர்கள் மணல் பரப்பிய ஒரு சுழல்மேடையில் சக்கரத்தை உருளவிட்டுச் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் மட்டமாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் அலைகள் தாமாக எழுந்தன. சக்கரம் ஒரு சின்ன மேட்டில் துள்ளும், விழும் இடத்தில் மணலைத் தள்ளும், அங்கே அடுத்த மேடு உருவாகும். சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி வந்து சீவிவிட்டாலும் சில நாளில் வரிகள் திரும்ப வரும். சாலை ஓரத்தில் பெரும்பாலும் வரி குறைவாக இருக்கும், அங்கே ஒதுங்கிவிடுங்கள்.

மழை பெய்தால்? சரளை போட்ட சாலை தாங்கும். சரளை இல்லாத மண்தடத்தில் இறங்காதீர்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு சைக்கிள் தள்ளியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இந்த ஊர்க் களியும் கரிசலும் மண்ணியலில் ஒரே இனம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். முதல் வருஷம் தெரியாமல் ஒரு புல்தடத்தில் புகுந்துவிட்டேன். பத்தடி போவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் களி அப்பிக்கொண்டது. குச்சியால் நோண்டி நோண்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடும் ஆறு. வசந்தத்தில் தெற்கே பனி உருகும்போது வடக்கே இன்னும் உறைந்திருக்கும், வெள்ளம் ஏறும், சாலைகள் முழுகும். அக்டோபரில் சர்க்கரைக்கிழங்கு அறுவடை. இரவும் பகலும் லாரி ஓடும், புழுதியும் சேறுமாக இருக்கும். அப்போது நான் வருவதில்லை. தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடை என்று ஒன்றைப் பார்க்க மணிக்கணக்காகலாம். எதிரே வரும் பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

[திரையில்: கிழக்கு நோக்கி மெல்ல உயரும் சாலை.]

முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்லும் பாதை, மூர்ஹெட்டிலிருந்து கிழக்கே கட்டச் சாலைகளில் பஃபலோ ரிவர் மாநிலப் பூங்கா வரை. நேர்ச்சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பூங்கா நேர் கிழக்கே இருப்பதால், இங்கே படிக்கட்டாகப் போனால் தூரம் இன்னும் கூடும். கடைசியில் ஒரு மெல்லிய ஏற்றம் வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே தொடைக்குத் தெரியும். அதுதான் அகாசிஸ் ஏரியின் பழைய கரை. அலைகள் ஒதுக்கிய மணலும் கூழாங்கல்லும் மேடாக நிற்கிறது.

ஏரியின் அடியில் வெறும் களிதான், கல் கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்துச் சாலைக்குச் சரளை பெரும்பாலும் இப்படிப்பட்ட கரைமேடுகளில் வெட்டி எடுத்ததுதான். காலையிலிருந்து டயருக்கு அடியில் அரைபட்டதெல்லாம் கடற்கரை மாதிரி ஒரு ஏரிக்கரை.

[திரையில்: டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு கல்லை விரல்கள் நெம்பி எடுக்கின்றன.]

இதோ பாருங்கள். ஒரு பக்கம் உடைந்திருக்கிறது, மறுபக்கம் வழவழப்பு. அந்த வழவழப்பு அலை தேய்த்தது. இதை இங்கேயே போட்டுவிட்டு, காற்று முதுகில் இருக்கும்போதே திரும்பலாம்.