இரணைதீவுக் கடலில் கிடைத்த துணிகள்

(வேலூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது, வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்துவிடுங்கள்.

இலங்கை நம்ம ஊருக்குப் புதிதில்லை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் கோட்டையில் சிறையிருந்து 1832-இல் இங்கேயே கண்மூடினார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில்தான் அவர் சமாதி. யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களிடம் நம்மில் பலர் பேசியிருப்போம். அந்த உரிமையில்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

1998 செப்டம்பர் 29. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது லயன் ஏர் கம்பெனியின் 602-ஆம் எண் பயணி விமானம். இரண்டு எஞ்சின் கொண்ட அன்டோனோவ்-24 விமானம். பயணிகள் 48, சிப்பந்திகள் 7. பயணம் போனவர்கள் தமிழர்கள். கிளம்பிப் பத்து நிமிடம் வாக்கில், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி சொன்னார். அதோடு தொடர்பு அறுந்தது. மன்னார்ப் பக்கத்துக் கடலில் விழுந்தது விமானம். 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானத்தில் போனவர்கள் என்றதும் வசதியானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடிய யாழ்தேவி ரயில் 1990-லேயே நின்றுபோயிற்று. தெற்கே போகும் ஏ-9 சாலை மூடிக்கிடந்தது. நாம் காட்பாடியில் ரயிலைத் தவறவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம். அவர்களுக்கு அந்த ஓட்டமும் இல்லை. கப்பல், இல்லாவிட்டால் விமானம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விசா வாங்கவேண்டும், கொழும்பில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்றால் வேறு என்ன வழி?

சுட்டது விடுதலைப் புலிகள். இதை இந்த ஊரில் மேடையேறிச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. ஈழத்தில் நம் மக்கள் பட்டதை நினைத்து இங்கே உண்ணாவிரதம் இருந்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள், நானும் இருந்தேன். அந்தக் கண்ணீர் உண்மை. அதனால்தான் இந்த 48 பேருக்கும் அதில் பங்கு கேட்கிறேன். ராணுவத்தினரை ஏற்றாதே என்று அந்த விமானக் கம்பெனிக்கு எச்சரிக்கை போயிருந்தது. சரி, எச்சரிக்கை கம்பெனிக்கு. செத்தது டிக்கெட் வாங்கியவர்கள்.

1978 செப்டம்பர் 3-இல் ரொடீசியாவிலும், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயிலும், இதே கதைதான். கரிபாவிலிருந்து தலைநகர் சாலிஸ்பரிக்குப் போன பயணி விமானத்தைப் போராளிகள் சுட்டு வீழ்த்தினார்கள். 56 பேரில் 18 பேர் உயிரோடு தப்பினார்கள். அவர்களில் 10 பேரைத் தரையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் ராணுவப் பயன்பாடு என்றுதான் காரணம் சொன்னார்கள். அங்கே பயன்பட்டது தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை. எஞ்சினின் சூட்டைத் தேடிப்போய் அடிக்கும். சூடு எந்த விமானத்திலும் ஒன்றுதான். உள்ளே இருப்பது சிப்பாயா, பேரனைப் பார்க்கப் போகிற ஆச்சியா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது சுடுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பயணி விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதி 1984-இல் எழுதப்பட்டது. விமானப் போக்குவரத்துக்கு நாடுகள் செய்துகொண்ட சிகாகோ உடன்படிக்கையில் சேர்த்த பிரிவு அது. அதற்கு முந்தின வருடம் கொரிய விமானத்தை சோவியத் போர்விமானம் வீழ்த்தி 269 பேர் மாண்டதுதான் காரணம். எழுதியும் 14 வருடம் காகிதத்திலேயே கிடந்தது. நடைமுறைக்கு வந்த தேதி 1998 அக்டோபர் 1. மன்னார்க் கடலில் விமானம் விழுந்து இரண்டே நாள் கழித்து! வந்தபிறகும் அது அரசுகளுக்கான விதி. காட்டிலிருந்து சுடுகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை.

அப்புறம் அந்தக் குடும்பங்கள். போர் முடிந்தது 2009-இல். கடலுக்கடியில் இரணைதீவுப் பக்கம் விமானத்தின் பாகங்கள் கிடைத்தது 2012 அக்டோபரில். விமானம் விழுந்ததிலிருந்து அதுவரை 14 வருடம். உடல் வரவில்லை, பதினாறாம் நாள் காரியம் செய்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாலியைக் கழற்றுவதா? யாராவது பிடித்து வைத்திருந்தால்? இந்தக் கேள்வியோடு 14 தீபாவளி.

பிறகு கடலிலிருந்து எடுத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து உறவினர்களைக் கூப்பிட்டார்கள். உப்பு ஊறிய சட்டை, புடவைத் துண்டு. நம் வீட்டில் ஒருவர் காலையில் என்ன உடுத்திக்கொண்டு கிளம்பினார் என்று இப்போது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியுமா? அவர்கள் அத்தனை வருடம் அதை மறக்காமல் வைத்திருந்து, வரிசையில் நின்று, ஒவ்வொரு துணியாகக் குனிந்து பார்த்தார்கள்.